பெயர்த்தெழுதப்பட்ட மடல்கள்: மின்னஞ்சல் கணினி மாறிய வரலாறு

யுனிக்ஸ் வழிவந்த பழைய மின்னஞ்சல் கோப்புகளைத் திறந்து படிப்போர்க்கு ஒரு விந்தையான குறி அவ்வப்போது தென்படும். 'ஃப்ரம்' என்னும் ஆங்கிலச் சொல்லில் தொடங்கும் வரிகளுக்கு முன்னால் மட்டும் ஒரு கோணக்குறி நிற்கும். மடலை எழுதியவர் அதை இடவில்லை. எம்பாக்ஸ் என வழங்கும் அவ்வடிவத்தில் மடல்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோப்பில் அடுக்கப்படுகின்றன. ஒரு மடல் முடிந்து அடுத்தது தொடங்குவதைக் காட்டும் எல்லைக்கல், 'ஃப்ரம்' என்ற சொல்லும் அதையடுத்த ஓர் இடைவெளியுமே. மடலின் உடலுக்குள் ஒரு வரி தற்செயலாக அச்சொல்லில் தொடங்கிவிட்டால், மென்பொருள் அதைப் புதிய மடல் என்று மயங்கும். அம்மயக்கத்தைத் தவிர்க்கவே வரியின் தலையில் கோணக்குறி இடப்பட்டது. மடலை வெளியே எடுக்கையில் அதை நீக்கிவிடும் மென்பொருள்கள் உண்டு; நீக்காமல் விடுபவையும் உண்டு. இன்றைய ஒரு புதிய மென்பொருளில் திறக்கும் மடலிலும் அக்குறி எஞ்சியிருந்தால், அம்மடல் எங்கோ ஓரிடத்தில் ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்புக்குப் பெயர்க்கப்பட்டது என்று பொருள்.

இத்தகைய வடுக்கள் தமிழ் ஆய்வுலகுக்குப் புதியவையல்ல. ஓலைச்சுவடியில் புள்ளி இடுவதில்லை. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வேறுபாடு இல்லை. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். ஏடு பெயர்த்தெழுதியவர் தமக்குத் தெரிந்தவாறு படித்து எழுதினார். அவர் எங்கே பிழைத்தார் என்பதைக் கண்டறிவதே பதிப்பாசிரியரின் பாதி வேலையாயிற்று. பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கம் இருந்ததை உ. வே. சாமிநாதையர் வருந்திப் பதிவுசெய்திருக்கிறார். படி எடுக்கப்பட்டதோ இல்லையோ, மூலம் நீரோடு போயிற்று.

பழைய கணினியிலுள்ள மின்னஞ்சலைப் புதிய கணினிக்கும் புதிய இயங்குதளத்துக்கும் மாற்றுவது கணினி உதவியாளரின் அரைநாள் வேலையாகவே இதுவரை எண்ணப்பட்டு வந்துள்ளது. வரலாற்றாய்வின் நோக்கில் அது ஒரு பெயர்த்தெழுதல். எழுதுபவர் மனிதரல்லர், மென்பொருள். அது தன் பெயரையோ படியெடுத்த நாளையோ எந்த மூலத்திலிருந்து எடுத்தது என்பதையோ ஏட்டின் இறுதியில் குறித்துவைப்பதில்லை. படி முடிந்ததும் மூலக் கணினியின் வன்தட்டு அழிக்கப்படுகிறது, அல்லது பழைய இரும்புக்காரரிடம் போகிறது. இந்திய அறிவுலகின் ஏறத்தாழ ஒரு பத்தாண்டுக்கால எழுத்து வாழ்வு இவ்வகைப் படிகளை நம்பியே இருக்கிறது.

அது எந்தப் பத்தாண்டு என்பதை அறிய, இந்தியாவில் மின்னஞ்சல் எங்கே தங்கியிருந்தது என்று பார்க்க வேண்டும். 1986இல் மின்னணுவியல் துறை ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையுடன் எர்நெட் வலையமைப்பைத் தொடங்கியது. பம்பாயின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், இந்திய அறிவியல் கழகம், ஐந்து ஐஐடிகள், மின்னணுவியல் துறை ஆகிய எட்டு இடங்களே அதன் முதல் கண்ணிகள். 1989இல் பம்பாயிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்த யூயூநெட்டுக்கு நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் ஒரு குத்தகைத் தடம் கிடைத்தது. அக்காலத்து மடல்கள் நிறுவனத்தின் பொதுக் கணினியில் இருந்தன; பேராசிரியரின் மேசையில் இல்லை. அவற்றைக் காப்பதும் இழப்பதும் நிறுவனத்தின் பொறுப்பு.

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் திறந்தபின் நிலைமை தலைகீழானது. தொலைபேசி வழியே இணைந்தவர்களில் எழுத்து மட்டுமே தெரியும் ஷெல் கணக்கு வைத்திருந்தவர்கள் விஎஸ்என்எல்லின் கணினியிலேயே பைன் போன்ற மென்பொருளில் மடல்களைப் படித்தனர். கணக்கு காலாவதியானால் மடலும் போயிற்று. முழு இணைப்புப் பெற்றவர்களோ பாப் என்னும் நெறிமுறைவழி மடல்களைத் தம் கணினிக்கு இறக்கிக்கொண்டனர். பாப் நெறிமுறையின் இயல்பு அஞ்சல்நிலையப் பெட்டியை ஒத்தது: வந்ததை எடுத்துக்கொண்டால் பெட்டி காலி. இணைந்திருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் தொலைபேசிக் கட்டணம் ஓடிய காலத்தில் மடல்களை விரைந்து இறக்கி, இணைப்பைத் துண்டித்து, ஆற அமரப் படிப்பதே சிக்கனம். விளைவாக, உலகில் அம்மடலின் ஒரே படி ஒரு வீட்டுக் கணினியின் வன்தட்டில் மட்டுமே இருந்தது.

1996இல் சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் தொடங்கிய ஹாட்மெயில் போன்ற வலைவழி அஞ்சல்கள் மாற்று வழியாக வந்தன. ஆயினும் ஹாட்மெயில் அளித்த இடம் 2 எம்பி. பெட்டி நிறைந்தால் பழையதை அழித்தாக வேண்டும். 2004 ஏப்ரல் முதல் நாள் ஜிமெயில் 1 ஜிபி இடத்துடன் வந்தபோதுதான் மடலை அழிக்கவும் வேண்டாம், கணினி மாறும்போது சுமந்து திரியவும் வேண்டாம் என்ற நிலை பிறந்தது. 1995க்கு முந்திய கடிதப் போக்குவரத்து பெரும்பாலும் தாளில் இருக்கிறது. 2005க்குப் பிந்தியது பெருநிறுவனங்களின் வழங்கிகளில் இருக்கிறது. இடைப்பட்ட பத்தாண்டின் கதி, ஒவ்வொரு தனிமனிதரும் தம் முதல் கணினியிலிருந்து இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் எப்படி மாறினார் என்பதைச் சார்ந்ததாயிற்று.

அம்மாற்றம் எளிதாக இருக்கவில்லை. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்னும் மென்பொருளின் கதை அதற்குச் சான்று. 1997இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4உடன் இலவசமாக வந்த இது, விண்டோஸ் கணினி வாங்கிய எவர்க்கும் கேளாமலேயே கிடைத்தது. மடல்களை இது டிபிஎக்ஸ் என்னும் தனி வடிவத்தில் சேமித்தது. எம்பாக்ஸ் கோப்பை எந்த எழுத்துச் செயலியிலும் திறந்து படிக்கலாம், டிபிஎக்ஸ் அப்படியன்று. ஒரு மடலைச் சிறு துண்டுகளாக்கிக் கோப்பின் வெவ்வேறு இடங்களில் வைத்து, ஒவ்வொரு துண்டிலும் அடுத்த துண்டு எங்கே என்ற குறிப்பை எழுதும் முறை அது. குறிப்பு ஒன்று சிதைந்தால் மடல் அங்கேயே அறுந்துபோகும். ஒரு கோப்பு 2 ஜிபி அளவை எட்டினால் கோப்புறை முழுதுமே பழுதாகும்.

எனினும் மிகுதியான மடல்களை அழித்தது இந்த வடிவச் சிக்கலன்று. அவை வைக்கப்பட்டிருந்த இடம். விண்டோஸ் எக்ஸ்பியில் டிபிஎக்ஸ் கோப்புகள் பயனரின் 'மை டாக்குமென்ட்ஸ்' கோப்புறையில் இல்லை. வழக்கமாகக் கண்ணுக்குத் தெரியாதவாறு மறைக்கப்பட்ட ஒரு கோப்புறைக்குள், அடைப்புக்குறிகளுக்கிடையே நீண்ட எண்ணெழுத்துத் தொடரைப் பெயராகக் கொண்ட இன்னொரு கோப்புறைக்குள், அதற்கும் உள்ளே இருந்தன. புதிய கணினி வாங்கியவர் 'மை டாக்குமென்ட்ஸ்' முழுவதையும் படி எடுத்துக்கொண்டு பழையதை நிறைவோடு அழிப்பார். கட்டுரைகளும் படங்களும் வந்துசேர்ந்திருக்கும், மடல்கள் வந்திரா. சற்று விவரம் தெரிந்தவர் மறைந்த கோப்புறையைத் தேடிப்பிடித்துக் குறுந்தட்டில் எழுதிக்கொண்டார். குறுந்தட்டிலிருந்து திரும்ப இறக்கிய கோப்புகள் படிக்க மட்டுமே உரியவை என்ற அடையாளத்தோடு வந்தன; அவ்வடையாளத்தை நீக்கும்வரை அவுட்லுக் எக்ஸ்பிரஸ் அவற்றைத் திறக்க மறுத்தது. மடல்கள் பாழாயின என்று கருதி அத்தட்டுகளை எறிந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு இருக்க வழியில்லை.

2007இல் விஸ்டா வந்தபோது அவுட்லுக் எக்ஸ்பிரஸ் மறைந்து, விண்டோஸ் மெயில் என்னும் வேறு மென்பொருள் அவ்விடத்தில் அமர்ந்தது. அது ஒவ்வொரு மடலையும் தனிக் கோப்பாக வைத்தது; வடிவம் என்ற அளவில் முன்னேற்றமே. 2009இல் வந்த விண்டோஸ் 7இல் அஞ்சல் மென்பொருளே இல்லை. விண்டோஸ் லைவ் மெயிலைத் தனியே இறக்கிக்கொள்ள வேண்டும். அந்த லைவ் தொகுப்பும் 2017 ஜனவரியில் முடிவுக்கு வந்தது. ஒரே நிறுவனத்தின் இயங்குதளங்களுக்குள்ளேயே இருபதாண்டுகளில் ஒரு பயனரின் மடல்கள் மூன்று முறை வீடு மாற வேண்டியிருந்தது. எக்ஸ்பியை விட்டு நேரே 7க்கு வந்தவர்களுக்கோ, பழைய இயங்குதளத்தின் மேலேயே புதியதை ஏற்றும் வழியும் இல்லை. வன்தட்டைத் துடைத்துப் புதிதாக நிறுவ வேண்டும். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று நின்றபோது அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் கணினிகள் அவசர அவசரமாக மாற்றப்பட்டன. அவசரத்தில் எடுக்கப்படும் படி எத்தகையது என்பதைச் சுவடி அறிந்தோர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. பழைய கணினியிலேயே தண்டர்பேர்டை நிறுவி, மடல்களை அதனுள் இறக்குமதி செய்து, பிறகு தண்டர்பேர்டின் கோப்புறையை அப்படியே புதிய கணினிக்குத் தூக்கிச் சென்றவர்களே இந்தக் கடவையைச் சேதமின்றிக் கடந்தனர். தண்டர்பேர்டு உள்ளே வைத்திருப்பது பழைய எம்பாக்ஸ்தான்.

அலுவலகங்களில் வழங்கிய அவுட்லுக், பெயரில் மட்டுமே அவுட்லுக் எக்ஸ்பிரஸுக்கு உறவு. அதன் பிஎஸ்டி கோப்பு மடல், நாட்காட்டி, முகவரி அனைத்தையும் ஒரே பெட்டியில் பூட்டிவைத்தது. 2002 பதிப்புவரை அதன் உச்ச அளவு 2 ஜிபி. அதைத் தாண்டிய கோப்பைத் திறக்க முடியாமல் போனவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் அளித்த கருவி செய்த வேலை, கோப்பின் ஒரு பகுதியை வெட்டி எறிந்து எஞ்சியதைத் திறக்கச் செய்வது. எப்பகுதி போகும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. 2003 பதிப்பின் புதிய பிஎஸ்டி வடிவம் 20 ஜிபி வரை இடமளித்தது. ஆனால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை அக்காலப் பென்டிரைவ்களின் ஃபாட் 32 அமைப்பு ஏற்காது. பிஎஸ்டியின் உள்ளமைப்பை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது 2010இல். அதுவரை வெளியாட்கள் பைட் பைட்டாகப் பார்த்துத்தான் அதைப் படிக்கக் கற்றிருந்தனர்.

யுடோரா வேறுவிதம். 1988இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டோர்னர் எழுதிய இம்மென்பொருள், அஞ்சல் நிலையத்தில் வாழப்போகும் பெண்ணைப் பற்றிச் சிறுகதை எழுதிய யுடோரா வெல்டியின் பெயரைத் தாங்கியது. குவால்காம் நிறுவனத்தின் கைக்குப் போய், 2006இல் வளர்ச்சி நின்றது. இதன் மடற்கோப்பு எம்பாக்ஸின் உறவினர், படிக்க எளிது. ஆனால் மடலோடு வந்த இணைப்புகளை யுடோரா பிரித்தெடுத்துத் தனிக் கோப்புறையில் இட்டுவிட்டு, மடலில் அதன் முகவரியை ஒரு வரியாக மட்டும் எழுதிவைத்தது. அம்முகவரி பழைய கணினியின் 'சி' பகுதியைச் சுட்டும். புதிய கணினியில் மடல் இருக்கும், முகவரி இருக்கும், அம்முகவரியில் ஒன்றும் இராது. மடற்கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு இணைப்புக் கோப்புறையை விட்டுவந்தவர்களின் தொகுப்புகளில், 'கட்டுரையை இணைத்துள்ளேன்' என்ற வாசகம் மட்டும் எஞ்சும். அறிஞர் ஒருவரின் கட்டுரை எத்தனை திருத்தங்களுக்குப் பின் அச்சேறியது என்பதைத் தேடும் ஆய்வாளருக்கு இதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை. 2018இல் கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகம் யுடோராவின் மூல நிரலைப் பொதுவெளியில் வைத்தது. நிரல் மீண்டது; இணைப்புகள் மீளவில்லை.

காலக்கணிப்பு தனியாகக் கவனிக்கத்தக்கது. ஒரு மடலில் குறைந்தது மூன்று காலங்கள் உறைந்திருக்கும்: அனுப்பியவரின் கணினிக் கடிகாரம் எழுதிய நாள், வழியிலுள்ள ஒவ்வொரு வழங்கியும் பெற்ற நேரமாக இட்ட முத்திரை, பெற்றவரின் பெட்டி குறித்துக்கொண்ட வருகை நாள். வழங்கிகளின் முத்திரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுவதால் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். அனுப்பியவரின் நாள் எளிதில் பிழைபடும். தாய்ப்பலகையின் மின்கலம் தீர்ந்த கணினி ஒவ்வொரு முறையும் 1980 ஜனவரி முதல் நாளில் விழித்தெழும். அதிலிருந்து புறப்பட்ட மடல்களும் அந்நாளையே சுமக்கும். 2000ஆம் ஆண்டு பிறந்தபோது சில மென்பொருள்கள் ஆண்டை 19100 என்று எழுதின. இவற்றை வழங்கிகளின் முத்திரையால் திருத்திக்கொள்ளலாம். கல்வெட்டின் ஆட்சியாண்டைப் பிற சான்றுகளோடு ஒப்பிட்டு நிறுவுவது போன்றதே இது.

இடமாற்றம் கெடுப்பது மூன்றாவது காலத்தை. பழைய கணினியிலிருந்து புதியதற்குச் செல்ல ஐமேப் நெறிமுறையைப் பாலமாக்குவது பரவலான உத்தி: மடல்களை ஒரு வழங்கிக்கு ஏற்றி, புதிய கணினியிலிருந்து அதே வழங்கியைத் திறப்பது. ஏற்றும் மென்பொருள் வருகை நாளைச் சேர்த்து அனுப்பாவிட்டால், வழங்கி ஏற்றிய நாளையே வருகை நாளாகக் கொள்ளும். பத்தாண்டு மடல்கள் ஒரே பிற்பகலில் வந்தவையாகத் தோன்றும். தலைப்பகுதியைத் திறந்து பார்க்காமல் பட்டியலை மட்டும் நம்பும் ஆய்வாளர் இங்கு ஏமாறுவார்.

இந்திய மொழிகளில் எழுதப்பட்ட மடல்களுக்கு நேர்ந்தது இவை எல்லாவற்றினும் கொடிது. 1982இல் வகுக்கப்பட்ட அஞ்சல் நெறிமுறை 7 பிட் ஆங்கில எழுத்துகளுக்காக மட்டுமே அமைந்தது. ஆகவே தொடக்ககாலத் தமிழ் மடல்கள் உரோமன் எழுத்தில் தமிழை ஒலிபெயர்த்து எழுதின. 1992இல் நத்தானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃபிரீடும் வகுத்த மைம் முறை, மடலின் தலைப்பகுதியில் அதன் குறியாக்கத்தின் பெயரை அறிவிக்க வழி செய்தது. வழி இருந்தும் அறிவிக்கப் பெயர் இல்லை. தமிழுக்கு எட்டு பிட் எழுத்துருக்கள் பலவாக முளைத்தன. ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் ஒவ்வோர் எழுத்தை வைத்தது. இந்திக்குக் கிருதிதேவ் போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தேவநாகரி வடிவங்களை அமர்த்தின. அந்த மடலைக் கணினி ஆங்கிலம் என்றே நம்பியது. படிப்பவரின் கண்ணுக்கு மட்டும் அது இந்தி.

1997க்குப் பின் பல நாடுகளில் வாழ்ந்த தமிழ்க் கணிமை ஆர்வலர்கள் மின்னஞ்சல் விவாதங்கள் வாயிலாகவே திஸ்கி என்னும் பொதுக் குறியாக்கத்தை உருவாக்கினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையடுத்துத் தமிழ்நாட்டரசு டாம், டாப் என்ற இரு குறியாக்கங்களை ஏற்றது. யூனிகோடில் தமிழ் 1991 முதலே இருந்தாலும், விண்டோஸ் 2000தான் அதை முதன்முதலாகப் பயனர் கணினிக்குக் கொண்டுவந்தது. திஸ்கி உலகப் பட்டியலில் முறையான பெயராகப் பதிவானது 2007இல். அதற்குள் அக்குறியாக்கத்தின் காலம் ஏறத்தாழ முடிந்திருந்தது. ஆகவே திஸ்கியில் எழுதப்பட்ட மடல்களுள் மிகப் பலவும் தம்மை 'இலத்தீன் 1' என்றோ 'பயனர் வரையறுத்தது' என்றோ பொய்ப்பெயரில் அறிமுகப்படுத்திக்கொண்டே பயணம் செய்தன.

பழைய கணினியில் அப்பொய் தீங்கற்றது. உரிய எழுத்துரு இருந்தது, தமிழ் தெரிந்தது. புதிய கணினியில் மென்பொருள் அப்பெயரை மெய்யென நம்பி, ஒவ்வொரு பைட்டையும் இலத்தீன் எழுத்தாகக் கருதி, அதற்குரிய யூனிகோடு எழுத்தாக மாற்றிச் சேமித்தது. திஸ்கி 128 முதல் 159 வரையான இடங்களில் ஜ, ஷ, ஸ, ஹ முதலிய கிரந்த எழுத்துகளை வைத்திருந்தது. இலத்தீன் 1 அட்டவணையில் அவ்விடங்கள் கட்டுப்பாட்டுக் குறிகளுக்குரியவை. பல மென்பொருள்கள் அவற்றைக் கேள்விக்குறியாக்கின, அல்லது விட்டுவிட்டன. 173ஆம் இடத்தில் இகரம் இருந்தது. இலத்தீனில் அவ்விடம் கண்ணுக்குத் தெரியாத மென்கோட்டுக்குரியது. அதனால் சில மென்பொருள்களில் இகரம் மட்டும் காணாமற்போயிற்று. பின்னர் இகரத்துக்கு வேறோர் இடமும் ஒதுக்க வேண்டியதாயிற்று. பைட்டுகள் மாறாதிருக்கும்வரை எந்த மடலையும் மீட்கலாம். கேள்விக்குறியான எழுத்தை மீட்க வழியில்லை, ஏனெனில் எல்லாக் கேள்விக்குறிகளும் ஒன்றே.

இன்னொரு சேதம் இதைவிட நுட்பமானது. அவுட்லுக் எக்ஸ்பிரஸில் எழுதிய பல மடல்கள் வலைப்பக்க நடையில் அமைந்தவை. அவற்றுள் எழுத்துருவின் பெயரும் பொதிந்திருக்கும். டிஎஸ்சி என்று தொடங்கும் பெயர் இருந்தால் திஸ்கி, டாப் என்று தொடங்கினால் டாப் என்று கண்டுகொள்ளலாம். இடமாற்றத்தின்போது இடம் மிச்சமாகட்டும் என்று மடல்களை வெற்று எழுத்தாக மாற்றியவர்கள் அப்பெயரையும் உதிர்த்துவிட்டனர். எக்குறியாக்கம் என்பதற்கிருந்த ஒரே சாட்சி அது. இன்று எஞ்சியிருப்பது இலத்தீன் மீக்குறிகளின் குவியல்; அதைத் தமிழாக்க ஒவ்வொரு குறியாக்கத்தையும் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. மாறாக, தமிழெழுத்தே இல்லாத வறிய காலத்தில் உரோமன் எழுத்தில் தட்டச்சிட்ட தமிழ் மடல்கள் எந்தக் கணினியிலும் எந்த இயங்குதளத்திலும் ஓரெழுத்தும் குறையாமல் படிக்கக் கிடைக்கின்றன. தமிழ் எழுத்து கணினிக்குள் நுழைந்த ஆண்டுகளே அதன் மின்னஞ்சல் வரலாற்றில் மிக மங்கிய ஆண்டுகளாயின.

கணினியை நம்பாதவர்கள் தாளை நம்பினர். முக்கிய மடல்களை அச்சிட்டுக் கோப்பில் சேர்த்துவிட்டுக் கணினியைத் துடைப்பது அலுவலகங்களின் பழக்கம். அச்சிட்டால் போதுமா என்ற கேள்வி அமெரிக்காவில் நீதிமன்றம் வரை சென்றது. ரீகன் ஆட்சியின் கடைசி நாளான 1989 ஜனவரி 19 அன்று வெள்ளை மாளிகையின் மின்னஞ்சல் காப்பு நாடாக்களை அழிக்கக் கூடாதென்று இடைக்காலத் தடை பெறப்பட்டது. 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அச்சுத்தாளில் யார் யாருக்கு எப்போது மடல் சென்றது என்ற விவரம் முழுமையாக இராதாகையால் அச்சுப்படி மின்மடலுக்கு ஈடாகாது என்று கொண்டது. ஆயினும் அதே வெள்ளை மாளிகையில், ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஆட்சியின்போது லோட்டஸ் நோட்ஸிலிருந்து மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்சுக்கு மாறியதில் பழைய காப்பு ஏற்பாடு புதிய மென்பொருளோடு பொருந்தாமல் போயிற்று. காணாமற்போனவையாகக் கருதப்பட்ட 2.2 கோடி மடல்கள் மீட்கப்பட்டதாக வழக்குத் தொடுத்த அமைப்புகள் 2009 டிசம்பரில் அறிவித்தன. சட்டமும் பணமும் வல்லுநரும் குறைவின்றி இருந்த இடத்தில் நேர்ந்தது இது.

இந்தியாவிலும் சட்டம் இல்லாமலில்லை. 1993ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம், கணினி உருவாக்கும் பொருளையும் ஆவணம் என்று வரையறுக்கிறது. 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, மின்னாவணம் பிற்காலத்தில் எடுத்துப் பார்க்கத்தக்கதாக இருக்க வேண்டும், உருவான வடிவத்திலோ அதைத் துல்லியமாகக் காட்டும் வடிவத்திலோ இருக்க வேண்டும், புறப்பட்ட இடமும் சேர்ந்த இடமும் நாளும் நேரமும் தெரிய வேண்டும் என்கிறது. மேலே கண்ட இழப்புகளை அறிந்தே எழுதியதுபோல் தோன்றும் வாசகம். ஆனால் இவை அரசு அலுவலகத்தையும் சட்டத் தேவையையும் நோக்கியவை. ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியரின் வீட்டிலுள்ள கணினிக்கு இவை எட்டா.

தனியாரின் மடல்களைப் பாதுகாக்கும் முயற்சிகள் வேறிடங்களில் நடந்துள்ளன. வெண்டி கோப் என்னும் ஆங்கிலக் கவிஞரின் ஏறத்தாழ 40,000 மின்மடல்களைப் பிரித்தானிய நூலகம் 2011இல் பெற்றது. பம்பாயில் பிறந்த சல்மான் ருஷ்டியின் பழைய மாக்கின்டோஷ் கணினிகளைப் பெற்ற எமரி பல்கலைக்கழகம், அவற்றுள் ஒன்றின் பழைய இயங்குதளத்தையே புதிய கணினிக்குள் போலச்செய்து 2010இல் ஆய்வாளர்க்குத் திறந்தது. கோப்பைப் புதிய வடிவத்துக்குப் பெயர்க்கும் படி ஒன்று, பழைய வன்தட்டின் ஒவ்வொரு பைட்டையும் மாறாமல் காக்கும் படி ஒன்று என இரண்டும் வைத்திருப்பது அங்கே நடைமுறை. முதலாவது படிப்பதற்கு, இரண்டாவது முதலாவதில் ஐயம் எழும்போது சரிபார்ப்பதற்கு. ஏட்டுப் பதிப்பில் மூலத்தையும் படியையும் ஒப்புநோக்கும் முறையேதான்.

இந்தியத் தொகுப்புகளில் எவை தப்பும் என்பதை ஓரளவு கணிக்கலாம். நிறுவனத் தலைவர்களுக்குக் கணினிப் பிரிவு இருந்தது. அவர்களின் மடல்கள் முறையாகப் பெயர்க்கப்பட்டிருக்கும். ஷெல் கணக்கில் எழுதிய மாணவர்க்கும், உலாவி மையத்தில் மணிக்கணக்கில் காசு கொடுத்து 2 எம்பி பெட்டியில் எழுதியவர்க்கும் படி எடுக்க வாய்ப்பே இருக்கவில்லை. ஆங்கிலத்தில் எழுதியவரின் மடல் படிக்கக் கிடைக்கும். தாய்மொழியில் எழுதியவரின் மடல் குறியாக்கத்தில் சிக்கும். அக்காலத்து விவாதங்களை நாளை எழுதும் வரலாற்றாசிரியர் ஆங்கிலம் எழுதிய நிறுவனத் தலைவர்களின் குரலையே அதிகம் கேட்பார். உண்மையில் அவர்களே அதிகம் பேசினர் என்று அவர் கொள்ளவும் கூடும்.

இன்னும் பெயர்க்கப்படாத பழைய மடல்களில் பல, பரண்களிலும் மேசை இழுப்பறைகளிலும் கிடக்கும் 1990களின் வன்தட்டுகளில் இருக்கின்றன. இன்றைய கணினியில் அவற்றைச் செருக இடமில்லை. அவற்றின் 40 முள் ஐடிஇ இணைப்பை யூஎஸ்பியாக்கும் சிறு கருவி இன்னும் கடைகளில் கிடைக்கிறது.